ஹோர்மோன் ஊசியும் எமது மண்வெட்டியும்

சலரோகம் வராமல் தடுக்க ஆண் ஹோர்மோன் ஊசி இருக்கிறதென்று சிலர் மகிழ்கின்றனர். செய்தியின் பாதிதான் அவர்களுக்கு எட்டியிருக்கிறது. அவுஸ்திரேலியாவில் 50 முதல் 74 வயதுவரையான, வயிறு பெருத்த 1007 ஆண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2021இல் வெளிவந்தது. இரண்டு வருட முடிவில் ஊசி பெற்றோரில் 12 வீதத்தினருக்கும், மருந்தற்ற வெற்றூசி பெற்றோரில் 21 வீதத்தினருக்கும் சலரோகம் காணப்பட்டது. பலன் உண்மையே. ஆனால் இரு பகுதியினருமே உணவுக் கட்டுப்பாட்டு, உடற்பயிற்சித் திட்டத்தில் சேர்க்கப்பட்டவர்கள். இதைத்தான் சொல்ல மறந்துவிடுகிறார்கள்! வயலை இழந்து மண்வெட்டியைக் கீழே வைத்த பின்னர்தானே எம்மில் பலருக்கும் வயிறு பெருத்தது? குடிசையைச் சுற்றி நான்கு பாத்தியாவது கொத்துவோம். மேலும், ஊசி பெற்றோரில் 22 வீதத்தினருக்கு இரத்தம் அளவுக்கு மீறித் தடித்தது. அதை அடிக்கடி சோதிக்க வேண்டும். கிளினிக்குக்குப் போக பஸ் காசுக்கே தவிக்கும் எமக்கு அது இயலுமா?