ஊரில்லாத கழகங்களும் ஆளில்லாத அரங்குகளும்

இலங்கையின் உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பேசப்படும் இடங்களிலெல்லாம் ஒரு முறைப்பாடு தவறாமற் கேட்கிறது: மக்கள் ஆட்டம் பார்க்க வருகின்றார்களில்லை என்பதே அது. கொழும்பு சுகததாச அரங்கில் ஏறத்தாழ 25,000 பேர் அமரலாம். நாட்டின் முதற்றர லீக் ஆட்டமொன்று அங்கு நடைபெறும்போது, வீரர்களின் உறவினரையும் கழக நிருவாகிகளையும் கழித்துவிட்டு நோக்கின் எஞ்சுவது வெறும் சீமெந்துப் படிகளே. இவ்வெறுமைக்கு மக்களின் இரசனைக் குறைவே காரணம் என்று நிருவாகிகள் தீர்ப்புக் கூறிவிட்டனர். இத்தீர்ப்பு பிழையானது. குற்றமிழைத்தவரைத் தப்பவிட்டு, இழந்தவரைக் கூண்டில் ஏற்றும் தீர்ப்பு இது.

மக்களுக்கு உதைபந்தாட்டத்தில் ஈடுபாடில்லை என்போர் யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஊர் மைதானங்களுக்கு ஒருமுறை சென்றுவரல் வேண்டும். நாவாந்துறை சென்மேரிஸ், பாசையூர் சென் அன்ரனிஸ், குருநகர் பாடும்மீன், இளவாலை யங் ஹென்றீசியன்ஸ், ஊரெழு றோயல், மயிலங்காடு ஞானமுருகன் என்று கழகங்களைச் சுட்டும்போது ஊரின் பெயர் முன்னே வருகிறது. கழகத்தின் பெயர் பின்னே வருகிறது. இவை போன்ற கழகங்கள் இறுதியாட்டத்தில் மோதும் நாள் அவ்வூர்களுக்குத் திருவிழா நாளாகும். கடற்றொழிலாளி வலையை ஒதுக்கிவைத்து வருகின்றான்; தோட்டக்காரன் இறைப்பை நேரத்தோடு முடித்து வருகின்றான். மதிலிலும் மரக்கிளையிலும் உழவு இயந்திரப் பெட்டியிலும் ஏறிநின்று பார்க்கின்றனர். மன்னாரின் கரையோரக் கிராமங்களிலும் நிலைமை இதுவே. அங்கே இருக்கையுமில்லை, கூரையுமில்லை. ஆயினும் சனம் நிறைகிறது. இருக்கையும் கூரையும் உள்ள இடத்திலே சனமில்லை. இம்முரண்பாட்டை விளக்காத எந்த ஆய்வும் ஆய்வாகாது.

நிருவாகிகள் வழமையாக முன்வைக்கும் சமாதானங்கள் மூன்று. முதலாவது, கிரிக்கெட் மக்களைக் கவர்ந்துவிட்டது என்பது. இதில் ஓரளவு உண்மையுண்டு. 1995இல் கொழும்பில் நடைபெற்ற தெற்காசியத் தங்கக் கிண்ணப் போட்டியின் இறுதியாட்டத்தில் இலங்கை உதைபந்தாட்ட அணி இந்தியாவை வென்றது. ஓராண்டு நிறையுமுன்னரே, 1996 மார்ச்சில், இலங்கைக் கிரிக்கெட் அணி உலகக் கிண்ணத்தை வென்றது. அதன் பின்னர் விளம்பரப் பணமும் தொலைக்காட்சியும் கிரிக்கெட்டின் பக்கமே சாய்ந்தன. ஆனால், கிரிக்கெட் பார்க்கும் அதே இளைஞன்தான் ஊர் மைதானத்தின் எல்லைக்கோட்டிலும் நிற்கின்றான். கிரிக்கெட் அவனை அங்கிருந்து அகற்றவில்லையெனின், சுகததாச அரங்கிலிருந்து மட்டும் அகற்றியது எங்ஙனம்? இரண்டாவது, ஆட்டத்தின் தரம் குறைவு என்பது. ஊர்ச் சுற்றுப்போட்டியின் தரம் தேசிய லீக்கின் தரத்திலும் உயர்ந்ததென எவரும் கூறார். மூன்றாவது, வசதிக் குறைவு என்பது. அதற்கு மதிலின்மேல் நிற்பவனே மறுமொழி. மூன்று சமாதானங்களும் ஊர் மைதானத்தின் புழுதியிலேயே வீழ்ந்துவிடுகின்றன.

அவ்வாறாயின் உண்மைக் காரணம் யாது? பார்வையாளன் தரத்தை மட்டும் நாடி வருவதில்லை. தன்னைச் சேர்ந்ததைத் தேடியே வருகின்றான். நமது முதற்றரக் கழகங்களிற் பலவற்றுக்கு ஊர் இல்லை. 2021இல் இலங்கையின் முதலாவது தொழில்முறை லீக் என்ற பெருமுழக்கத்தோடு சுப்பர் லீக் தொடங்கப்பட்டது. அதிற் பங்குகொண்ட 10 கழகங்களுள் மூன்று முப்படைகளுக்குரியவை: இராணுவத்தின் டிபெண்டர்ஸ், கடற்படையின் சீ ஹோக்ஸ், விமானப்படையின் புளூ ஈகிள்ஸ். வடக்குக் கிழக்கிலிருந்து ஒரு கழகந்தானும் இடம்பெறவில்லை. களுத்துறைக்கும் பேருவளைக்கும் வென்னப்புவைக்கும் கழகங்கள் இருந்தபோதிலும், ஆட்டங்கள் கொழும்பின் அரங்குகளிலேயே நடத்தப்பட்டன. அவ்வாண்டு பெருந்தொற்றுக் காலமாதலின் அரங்குகள் வெறுமையாயிருந்தமைக்கு நியாயமுண்டு. பெருந்தொற்றுக்கு முன்னும் பின்னும் நிலவிய வெறுமைக்கு என்ன நியாயம்? தன் ஊரில் ஆடாத கழகத்தைத் தன் கழகமென்று ஓர் ஊர் எவ்வாறு ஏற்கும்?

தொழில் நிறுவனங்களின் அணிகளும் மக்களைக் கவரலாமே என்று சிலர் வினவக்கூடும். இங்கிலாந்தின் ஆர்சனல் 1886இல் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர் அமைத்த அணியே. மான்செஸ்ரர் யுனைற்றெட் 1878இல் இரயில்வேத் தொழிலாளர் அமைத்த அணியே. எனினும் அவை தொழிற்சாலை வாயிலுக்குள் அடைபட்டுக் கிடக்கவில்லை. சுற்றியிருந்த தொழிலாளர் குடியிருப்புகள் அவற்றைத் தமதாக்கிக்கொண்டன. தந்தை மகனைத் தோளிற் சுமந்து அழைத்துச் சென்றான். படைமுகாமின் அணி அவ்வாறு ஆதல் அரிது. முகாமைச் சுற்றி முள்வேலி உண்டு, குடியிருப்பு இல்லை. 2009 வரை போரின் வாய்ப்பட்டுக் கிடந்து, இன்றும் காணாமற்போன பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருக்கும் வடகிழக்கு மக்கள், படையணியின் பெயரைச் சொல்லி ஆர்ப்பரிப்பர் என எதிர்பார்ப்பது அறியாமை, அன்றேல் ஆணவம். அவ்வணிகளில் ஆடும் வீரர்கள் மீது குற்றமில்லை. வறிய குடும்பத்து இளைஞன் ஒருவனுக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் தரக்கூடிய உதைபந்தாட்டம் வேறெங்கும் இல்லாதபோது அவன் எங்கே செல்வான்? படையில் சேராத திறமைசாலிகளிற் சிலர் மாலைதீவுக் கழகங்களை நாடிச் சென்றனர். ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்களைக் கொண்ட தீவுக்கூட்டம் ஊதியம் கொடுத்து அழைக்க, இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட நாடு கைகட்டி நிற்கிறது.

கொழும்பிலேயே ஊர்வேர் கொண்ட கழகங்கள் இருந்தன என்பதும் மறத்தற்குரியதன்று. ஜாவா லேன் கழகம் கொம்பனித்தெருவின் ஓர் ஒழுங்கையின் பெயரையே தாங்கியது. மலாயரும் முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் நெருங்கி வாழ்ந்த அத்தகைய தொழிலாளர் குடியிருப்புகளே தலைநகரின் உதைபந்தாட்டத்தைத் தாங்கின. 2010ஆம் ஆண்டிலிருந்து நகரப் புதுப்பித்தல் என்ற பெயரில் கொம்பனித்தெருவின் வீடுகள் இடிக்கப்பட்டன. குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்குப் பெயர்க்கப்பட்டன. அந்நிலத்தில் வணிகக் கோபுரங்கள் எழுந்தன. ஒழுங்கையை அழித்துவிட்டு, ஒழுங்கையின் கழகத்துக்கு ஆதரவாளர் எங்கே என்று கேட்பதிற் பொருளில்லை. அரங்கின் வெறுமையை அரங்கினுள் மட்டும் தேடுவோர் இதனைக் காணார்.

நிருவாகத்தின் பொறுப்பும் சிறிதன்று. வேலைநாட் பிற்பகல்களில் ஆட்டங்களை வைத்து, உழைக்கும் மக்களை வரவில்லையெனக் கடிவது நகைப்புக்குரியது. லீக்கின் பெயரும் வடிவமும் காலமும் அடிக்கடி மாறுகின்றன. அடுத்த பருவம் எப்போது தொடங்குமெனக் கழகங்களுக்கே தெரிவதில்லை. கோவிற் கொடியேற்றத்தின் நாளை ஊரார் ஆண்டு முழுவதும் அறிந்திருப்பதாலன்றோ தேர் இழுக்கக் கூடுகின்றனர்? சம்மேளனத்தின் உட்பூசலும் தேர்தல் தகராறும் முற்றி, 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபா இலங்கையை இடைநிறுத்தியது. தடை நீங்குவதற்கு ஆகஸ்ட் வரை காத்திருக்க நேர்ந்தது. பதவிக்கான ஆட்டத்திற் காட்டிய சுறுசுறுப்பில் ஒரு பங்கைப் பந்தாட்டத்திற் காட்டியிருப்பின் இந்நிலை வந்திராது.

இவ்விடத்து ஊர்ப்பற்றைக் கண்மூடிப் போற்றுதலும் தகாது. நமது ஊர் மைதானங்களில் நடுவர் தாக்கப்பட்டதுண்டு. ஆட்டம் கைகலப்பில் முடிந்ததுண்டு. சாதிப் பிரிவினை கழகத்தின் பெயரால் மறைந்து நின்றதும் உண்டு. பார்வையாளர் கூட்டத்தில் பெண்கள் அருகியே காணப்படுதலும் சிந்தித்தற்குரியது. ஊரின் உணர்வை ஊரின் குறுகிய எல்லைக்குள் விட்டுவிடின் அது புளித்துப்போகும். அவ்வுணர்வை நகரம், மாவட்டம் என்ற அகன்ற தளங்களுக்கு உயர்த்தும் லீக்கே அதன் கூர்மையை மழுக்கி வலிமையைக் காக்கும். பாசையூரானும் ஊரெழுவானும் யாழ்ப்பாணம் என்ற ஒரே அணிக்காகக் குரலெழுப்பும் நாளில், நேற்றுக் கைகலந்தவர்கள் தோளோடு தோள் நிற்பர். 2022இல் மாகாண அணிகளைக் கொண்டு சுதந்திரக் கிண்ணப் போட்டியை நடத்தியபோது இவ்வுண்மையை நிருவாகிகளும் ஒருகணம் உணர்ந்தனர் எனலாம். உணர்ந்ததை ஆண்டுதோறும் தொடரும் அமைப்பாக்கவே அவர்கள் தவறினர்.

எனவே, செய்யவேண்டியவை தெளிவானவை. முதற்றர லீக்கில் ஆடும் ஒவ்வொரு கழகமும் ஒரு நகரின் பெயரையும் அந்நகரின் மைதானத்தையும் உடையதாதல் வேண்டும். யாழ்ப்பாணத்துத் துரையப்பா அரங்கு 2016இல் புனரமைக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. தேசிய லீக்கின் ஆட்டங்கள் அங்கு ஒழுங்காக நடைபெறத் தடையென்ன? படைகளின் அணிகளுக்கும் திணைக்கள அணிகளுக்கும் தனி லீக் அமைக்கலாம். அவற்றின் வீரர்களை நகர அணிகளில் ஆட விடுவிக்கலாம். ஆட்டங்கள் வார இறுதியிலோ மின்னொளியிலோ நடைபெறல் வேண்டும். ஆதரவாளர் சந்தா செலுத்திக் கழகத்தின் உறுப்பினராகவும், நிருவாகத் தெரிவில் வாக்களிக்கவும் வழிவகுத்தல் வேண்டும். நுழைவுச் சீட்டு வாங்குபவன் வாடிக்கையாளன். வாக்குரிமை பெற்றவன் உரித்தாளன். வாடிக்கையாளன் தோல்விக்குப் பின் விலகுவான். உரித்தாளன் தோல்விக்குப் பின்னும் மழையில் நனைந்து நிற்பான்.

இவற்றுக்குப் பணமில்லை என்பார்கள். ஊர்க் கழகங்கள் வெளிநாட்டிலுள்ள உறவுகளின் உதவியாலும் உள்ளூரிற் சேர்த்த காசாலும் பந்தும் சீருடையும் வாங்கிச் சுற்றுப்போட்டி நடத்துகின்றன. தமக்குரியதெனக் கருதுவதற்கு மக்கள் கொடுக்கின்றனர். தமக்குரியதல்லாததற்கு நேரத்தையும் கொடார். இவ்வெளிய உண்மையை ஏற்காதவரை, எத்தனை பெயர்மாற்றங்கள் செய்யினும், எத்தனை விளம்பரப் பலகைகள் நாட்டினும் அரங்குகள் நிறையமாட்டா. மக்கள் உதைபந்தாட்டத்தைக் கைவிடவில்லை. உதைபந்தாட்டத்தை நடத்துவோரே மக்களைக் கைவிட்டனர். திரும்பி வரவேண்டியவர் யார் என்பதில் இனியும் ஐயம் வேண்டா.