தொண்டு வேறு, சம்பளம் வேறு



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு நான் செயலாளராக இருந்தேன். திருவிழா முடிந்த மறுவாரம் கூட்டம். பந்தல் போட்ட இளைஞர்களுக்குத் துண்டு போர்த்திக் கைதட்டினோம். அப்போது, கோயிலைக் கூட்டிப் பெருக்கும் அம்மா வாசலில் நின்றபடி மெல்லக் கேட்டார்: "சாரு, என்னோட ரெண்டு மாசச் சம்பளம்?"

"ஆத்தா வேலைக்குமா கணக்குப் பாக்கிறது?" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. மரம் சீவினாலும் குலை வெட்டினாலும், நம் சம்பளம் இரண்டு மாதம் நின்றால் நாம் சும்மா இருப்போமா?

தொண்டர் ஓய்வு நேரத்தைத் தருகிறார். அந்த அம்மாவோ அந்த வேலையை நம்பித்தான் உலை வைக்கிறார்.

கோயிலானாலும் பாலர் பள்ளியானாலும், ஆள் வைத்தால் நாமே முதலாளி. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பள மாதம் முடிந்த 7 நாளுக்குள் சம்பளம் தர வேண்டும். ஒரே ஆள் என்றாலும் சேமநிதியும் சொக்சோவும் உண்டு. 60 வயதுக்குட்பட்ட மலேசியருக்கு 5,000 வெள்ளிச் சம்பளம் வரை சேமநிதியில் முதலாளி பங்கு 13 விழுக்காடு, தொழிலாளி பங்கு 11. அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும்.

திருவிழா இரவில் கூடுதல் நேரம் வேலை வாங்கினால் அதற்கும் கூலி கொடுங்கள். "நீயும் தொண்டு செய்யேன்" என்று சம்பளம் கொடுக்கிறவர் சொன்னால் அது வேண்டுகோள் ஆகாது, கட்டளைதான்.

தொண்டர்களையும் கண்டபடி ஏவக்கூடாது. யாருக்கு என்ன வேலை, எத்தனை மணி வரை என்று முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள். சாப்பாடும் பஸ் காசும் மறவாதீர்கள். சம்பள ஆளுக்கு வேலை சொல்வது செயலாளர் ஒருவராகவே இருக்கட்டும். கமிட்டியில் ஒன்பது பேர் ஒன்பது வேலை சொன்னால் அவர் எங்கே ஓடுவார்?

அந்த அம்மாவுக்கு மறுநாளே பாக்கியைக் கொடுத்தோம். எண்ணிப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டார். அந்த மாதத்தோடு வேலையிலிருந்தும் நின்றுவிட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. சிரித்த சிரிப்பைத் திரும்பப் பெற முடியவில்லை.

உங்கள் அடுத்த கூட்டத்தில், துண்டு போர்த்துமுன் சம்பளக் கணக்கை வாசித்துவிடுங்கள்.