மெக்கானிக் தம்பிக்கு ஒரு ஜோடி க்ளவுஸ்!

உங்கள் காரையோ ஸ்கூட்டரையோ ரிப்பேர் பார்க்கிற தம்பியின் கையை என்றைக்காவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? நகக்கண்ணில் கறுப்பு, விரல் மடிப்புகளில் வெடிப்பு, புறங்கையில் உரிந்த தோல். 'தொழில் பண்ற கை அப்படித்தான் சார் இருக்கும்' என்பார் அவர். நாமும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். அப்படித்தான் இருந்தாக வேண்டும் என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை!

கோடியக்கரை, வேதாரண்யம் பக்கம் இந்தத் தொல்லை இரட்டிப்பு. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு என்று பரந்து கிடக்கும் உப்பளங்கள். உப்பு லாரி, மீன் ஏற்றுகிற மினி வேன், ஃபைபர் படகின் என்ஜின்... எல்லாவற்றுக்கும் உப்புக் காற்றுதான் எமன். போல்ட் துருவேறி இறுகிக் கிடக்கும். முழு பலத்தையும் கொடுத்து ஸ்பானரை இழுப்பார்கள். 'சடக்'கென்று வழுக்கும். விரல் முட்டி போய் இரும்பில் மோதும். அந்தக் காயத்தில் உப்பு பட்டால் எப்படி எரியும் என்று உப்பு வாருகிற அம்மாக்களைக் கேட்டுப் பாருங்கள். (துருவால்தான் டெட்டனஸ் வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். கிருமி இருப்பது மண்ணிலும் சாணத்திலும். பத்து வருஷத்துக்கு ஒரு தடவை ஊசி போட்டுக்கொள்ளாத மெக்கானிக் இருந்தால், இந்த வாரமே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.)

அடிபடுவது கூட ஆறிவிடும். மெல்ல மெல்லக் கெடுப்பது ஆயில்தான். என்ஜினில் ஓடி ஓடிக் கறுத்துப்போன ஆயிலில், எரிபொருள் எரிந்து உண்டாகும் நச்சுப் பொருட்கள் கலந்திருக்கின்றன. அதைச் சுண்டெலிகளின் தோலில் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தபோது புற்றுக் கட்டிகள் வந்தன. லண்டனில் புகைபோக்கி துடைத்தவர்களுக்கு வந்த புற்றுநோய்க்குக் கரிதான் காரணம் என்று பெர்சிவல் பாட் என்ற மருத்துவர் எழுதியது 1775-ல்! தோலில் தினமும் படிகிற கறுப்பு சும்மா இருக்காது என்பது அன்றைக்கே தெரிந்த சேதி. பயப்படச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆயிலிலேயே கையை ஊறவிட்டுக்கொண்டு, சாயந்திரம் பெட்ரோலையோ மண்ணெண்ணெயையோ ஊற்றிக் கழுவுகிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையை அது வழித்துக்கொண்டு போய்விடும். அப்புறம் வெடிப்பு, அரிப்பு, நீர்க்கொப்புளம்.

'க்ளவுஸ் போட்டா நட்டு பிடிபடாது அண்ணே!' என்பார்கள். தடித்த க்ளவுஸ் என்றால் வாஸ்தவம்தான். அதனால்தான் வேலைக்குத் தகுந்ததாக வாங்க வேண்டும் என்கிறேன். மருந்துக் கடையில் கிடைக்கிற வெள்ளை ரப்பர் க்ளவுஸ் இதற்கு உதவாது. ஆயில் பட்டதும் ஊதிக் கிழியும். 'நைட்ரில்' என்று கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் நீலத்திலோ கறுப்பிலோ வரும். ஆயிலையும் கிரீஸையும் தாங்கும், சின்ன ஸ்க்ரூ கூட விரலுக்குத் தெரியும். இறுகிய போல்ட்டைக் கழற்ற, உள்ளங்கையில் நைட்ரில் பூசிய பின்னல் க்ளவுஸ். சூடான சைலன்ஸருக்கும் வெல்டிங்குக்கும் தோல் க்ளவுஸ். பேட்டரி ஆசிட்டுக்கு முழங்கை வரை வருகிற ரப்பர் க்ளவுஸ். வெறும் நூல் க்ளவுஸை மட்டும் ஆயில் வேலைக்குப் போடாதீர்கள். அது ஆயிலை உறிஞ்சி, நாள் பூரா கையோடு ஒட்டவைத்துவிடும். அதற்கு வெறுங்கையே தேவலை!

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஓடுகிற என்ஜின், ஃபேன் பெல்ட், டிரில்லிங் மெஷின் பக்கம் க்ளவுஸ் போட்ட கை போகவே கூடாது. துணி நுனி மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

டீசல் என்ஜின் பார்ப்பவர்களுக்கு: இன்ஜெக்டர் பீய்ச்சுகிறதா என்று கையை நீட்டிப் பார்க்காதீர்கள். காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் வருகிற டீசல், க்ளவுஸையும் தாண்டித் தோலுக்குள் நுழைந்துவிடும். வெளியே பார்த்தால் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி. வலியும் அவ்வளவாக இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கும். சில மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து கழுவாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். 'காலையில பார்த்துக்கலாம்' என்று படுத்துவிடாதீர்கள். ராத்திரியானாலும் வண்டி பிடித்து வேதாரண்யமோ நாகப்பட்டினமோ போய், 'டீசல் உள்ளே ஏறிடுச்சு' என்று வாயைத் திறந்து சொல்லுங்கள்.

சரி, எப்படிச் சுத்தம் செய்வது? பூச்சுப் போட்ட க்ளவுஸைக் கழற்றுவதற்கு முன்பே, கை கழுவுகிற மாதிரி சோப்புத் தூளும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு கழற்றி, உட்புறத்தை வெளியே திருப்பி, நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்புத் தண்ணீரில் அலசினால் காய்ந்ததும் உப்பு உள்ளே தங்கித் தோலை அறுக்கும். காய வைப்பது நிழலில், விரல் மேலே பார்க்க. வெயிலில் போட்டால் ரப்பர் விறைத்து வெடித்துவிடும். பெட்ரோலில் அலசவே வேண்டாம். தீ ஆபத்து ஒரு பக்கம், க்ளவுஸுக்குள் தங்கிய பெட்ரோல் கையைப் பொசுக்குவது இன்னொரு பக்கம். தோல் க்ளவுஸைத் தண்ணீரில் நனைக்காமல் துடைத்து வையுங்கள். மெல்லிய நைட்ரில் ஒரு வேலைக்குத்தான், அதைக் கழுவி மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். வீட்டுப் பெண்களுக்கு ஒரு வார்த்தை: ஆயில் க்ளவுஸைக் குழந்தை துணியோடு ஊறப்போடாதீர்கள்!

வியர்வை பெரிய இம்சைதான், மறுக்கவில்லை. நம்ம ஊர் புழுக்கத்தில் அரை மணிக்கு ஒரு தரம் கழற்றிக் கையைத் துடைத்துக்கொள்ளட்டும். ராத்திரி படுக்கும்போது தேங்காயெண்ணெய் தடவட்டும்.

இதற்குப் பணம் யார் போடுவது? முதலாளிதான். ஸ்பானர் செட்டை முதலாளி வாங்கும்போது க்ளவுஸை மட்டும் தொழிலாளி ஏன் வாங்க வேண்டும்? ஆயுத பூஜைக்குத் துண்டும் ஸ்வீட்டும் கொடுக்கிற ஷெட்காரர்கள், இந்த வருஷம் ஒரு டஜன் க்ளவுஸையும் சேர்த்துக் கொடுக்கலாமே! வண்டி விடுகிற நமக்கும் பங்கு உண்டு. 'சீக்கிரம், சீக்கிரம்' என்று தலைமேல் நின்றால், எந்தத் தம்பி க்ளவுஸைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டிருப்பார்? வாங்கித் தர நினைத்தால் கை அளவைக் கேட்டு வாங்குங்கள். தொளதொளவென்று இருக்கிற க்ளவுஸை இரண்டே நாளில் மூலையில் கடாசிவிடுவார்கள்.