கிரவல் ரோட்டு விளையாட்டு மைதானம் இல்லை

பழைய டொல்பின் வான் ஒன்றின் பின் சீற்றுகளைக் கழற்றி, பலகை அடித்துப் படுக்கை போட்டு, அதுக்குள்ளேயே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு வன்னியின் உள் ரோட்டுகளில் சுத்தப் போகிறோம் என்று சொன்னால், எங்கட ஆக்களிடம் ரண்டு விதமான புத்திமதிதான் கிடைக்கும். ஒன்று: "ஃபோர் வீல் இல்லாட்டி அந்தப் பக்கம் எட்டியும் பாக்காதேங்கோ." மற்றது: "பயப்பிடாத மச்சான், 80இல மிதி, பள்ளமே தெரியாது, பறக்கும்." முதலாவது காசுக்காரப் புத்திமதி. இரண்டாவது விசர்ப் புத்திமதி. இந்த ரண்டோடும் சண்டை பிடிக்கத்தான் இதை எழுதுகிறோம். இரண்டாவதோடு கொஞ்சம் கூடுதலாக.

முதலாவதைக் கெதியாக முடித்துவிடலாம். நாலு சில்லும் இழுக்கிற வாகனம் எதுக்கு உதவும்? சேற்றிலும் மணலிலும் ரண்டு சில்லு சும்மா சுத்தேக்க மற்ற ரண்டும் பிடித்து இழுக்கும். அவ்வளவுதான். காய்ந்த கிரவல் ரோட்டில் வானை உடைப்பது வழுக்கல் இல்லை, குலுக்கல். குலுக்கலைத் தாங்குவது ஸ்பிரிங்கும் சொக் அப்சோபரும் ரயரும் ஓட்டுகிறவரின் காலும். உயரமாக நிற்கிற வாகனம் கல்லில் அடிபடாது, அது உண்மை. அந்த நாலு விரல் உயரத்துக்காக வாழ்நாள் முழுக்க லீசிங் கட்ட எங்களால் ஏலாது. 2020 மார்ச்சில் நிறுத்தின வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருசத்தில் பழைய வாகனங்களின் விலை என்ன ஆட்டம் ஆடியது என்று எல்லாருக்கும் தெரியும். இங்கே பழைய வான் வைத்திருப்பது பலருக்கு ரசனை இல்லை, அதுக்கு மேல எட்டவில்லை.

வன்னிக்குள் ஜீப்பில் போனவர்கள் எப்பவும் கொஞ்சப் பேர்தான். சனம் போனது உழவு இயந்திரத்தில, லொறியில, சைக்கிளில. எங்கட அப்பப்பாமார் தட்டி வானில் தொங்கிக்கொண்டு போனவர்கள். 1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாதபோது ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டின இடம் இது. ஸ்ராட் பண்ண மட்டும் காபரேற்றருக்குள் ரண்டு சொட்டுப் பெற்றோல், மிச்சத் தூரம் முழுக்க மண்ணெண்ணெய். 2002இல் ஏ9 திறந்தபோது அந்தக் குண்டு குழிக்குள்ளால் பஸ்ஸும் வானும்தான் ஓடின. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வந்து "இந்த ரோட்டுக்கு ஃபோர் வீல் வேணும்" என்று வகுப்பெடுக்க ஒரு துணிவு வேணும்தான்.

இனி இரண்டாவது.

கிரவல் ரோட்டில் கூரைத் தகரம் விரித்த மாதிரி குறுக்கே அலை அலையாக மேடு பள்ளம் வருமே, அதில்தான் இந்தப் "பறக்கும்" கதை பிறந்தது. மெதுவாகப் போனால் பல்லுக் கிடுகிடுக்கும். 70, 80க்கு ஏற்றினால் சில்லு மேடுகளின் தலையை மட்டும் தொட்டுக்கொண்டு போகும், உள்ளே இருப்பவருக்குச் சுகமாக இருக்கும். உண்மைதான். சில்லு நிலத்தில் இல்லாததால்தான் அந்தச் சுகம். நிலத்தில் இல்லாத சில்லுக்கு பிரேக்கும் இல்லை, ஸ்ரியறிங்கும் இல்லை. ஒரு மாடு குறுக்கே வந்தால், பின்னுக்குக் கட்டிலும் தண்ணித் தாங்கியும் ஏற்றின வான் எங்கே போய் நிற்கும் என்று யோசியுங்கோ. எங்கட ரோட்டுகளில் மாடு குறுக்கே வரும்.

இதைவிடப் பெரிய விசயம், அந்த அலைகளை உண்டாக்குவதே வேகம்தான். கேம்பிரிட்ஜ், ரொறொன்ரோ, லியோன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வட்டமான மண் தடத்தில் சில்லை உருட்டிப் பார்த்து 2007இல் பிசிக்கல் ரிவியூ லெற்றர்ஸ் இதழில் எழுதினார்கள். குறிப்பிட்ட ஒரு வேகத்துக்குக் கீழே மண் தட்டையாகவே கிடக்கும். அதைத் தாண்டினால், சில்லு ஒரு சின்ன மேட்டில் ஏறித் துள்ளி விழும், விழுந்த இடத்தில் மண்ணைத் தள்ளும், அது அடுத்த மேடாகும். ஸ்பிரிங்கே இல்லாத சில்லிலும் இது நடந்தது. அந்த எல்லை வேகம் வாகனத்துக்கு மிகக் குறைவு, யாரும் அவ்வளவு மெதுவாக ஓடமாட்டார்கள். ஆனாலும் 25இல் போகிறவரும் 80இல் போகிறவரும் ரோட்டுக்குச் செய்வது ஒன்றில்லை. நீங்கள் பறந்து போன பிறகு அந்த அலையில் ஓட்டோ வருகிறது. அதின்ர சின்னச் சில்லு ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் இறங்கி ஏறும். அதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகிற பிள்ளைத்தாச்சி இருக்கிறா. தேர்தல் வந்தால்தான் அந்த ரோட்டுக்கு அடுத்த லோட் கிரவல் வரும்.

அப்ப பழைய வான் எப்படித்தான் போகிறது? பாரத்தைக் குறைத்து. எங்கட ஆக்கள் காம்பர் அடிக்கிறதைப் பார்த்தால் கலியாண வீட்டுக்குத் தளபாடம் செய்கிற மாதிரி இருக்கிறது. 18 மில்லிமீற்றர் பிளைவூட் ஒரு முழுப் பலகை 30 கிலோவை நெருங்கும். 100 லீற்றர் தண்ணி 100 கிலோ. 12.5 கிலோ காஸ் என்பார்கள், இரும்புச் சிலிண்டரையும் சேர்த்தால் கிட்டத்தட்ட அதின்ர இரட்டிப்பு. இதோடு பற்றரி, ஃபிரிட்ஜ், கூரையில் சோலார், அதுக்கு மேல ரீல்ஸுக்காக ஒரு ரயர். வன்னியில் ஐந்து மைலுக்கு ஒரு கடை இருக்கிறது அண்ணை, ஒரு கிழமைக்குச் சாமான் கட்டத் தேவையில்லை.

ஏற்றுகிற இடமும் முக்கியம். டொல்பினில் எஞ்சின் முன் சீற்றுக்குக் கீழே, இழுப்பது பின்சில்லு. வெறும் வானுக்குப் பின்பக்கம் லேசு, சேற்றில் சும்மா சுத்தும். தண்ணித் தாங்கியைப் பின் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் தாழ்வாக வைத்தால் அந்தப் பாரமே பிடிப்பாகும். அதையே பின்கதவோடு வைத்தால், ஒவ்வொரு குழிக்கும் பின்பக்கம் துலா மாதிரி ஆடும், முன்சில்லில் பாரம் குறைந்து ஸ்ரியறிங் லேசாகும். ஒரே பாரம், வைக்கிற இடம்தான் வித்தியாசம்.

ரயரில் காத்தையும் கால்வாசி இறக்குங்கோ. இறக்கினால் ரயர் மெத்தென்று கல்லை விழுங்கும். ஆனால் இறக்கின காத்தோடு வேகமாக ஓடினால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். அதனால் 30க்கு மேல வேண்டாம், காப்பெட் ரோட்டில் ஏறமுதல் திரும்ப அடியுங்கோ, கால் பம்ப் காணும். பின்னேரம் நிற்பாட்டினதும் கீழே படுத்துப் பாருங்கோ: லீவ் ஸ்பிரிங்கின் யூ போல்ட், சொக் அப்சோபரின் நட், சைலன்சர் றப்பர். குலுக்கல் எதையும் ஒரேயடியாக உடைக்காது, முதலில் கழட்டும். எயார் ஃபில்டரைத் தட்டுங்கோ. 30 வயசு எஞ்சினைப் பள்ளத்தை விடத் தூசிதான் கெதியாகக் கொல்லும்.

"ஓஃப் ரோட்" என்ற சொல்லிலும் எங்களுக்குக் கோபம் இருக்கிறது. எது ரோட்டுக்கு வெளியே? நீங்கள் சாகசம் என்று வீடியோ எடுக்கிற பாதை ஒரு ஊருக்கு ஒரேயொரு ரோட்டு. பள்ளிக்கூடம், சந்தை, செத்த வீடு எல்லாம் அதால்தான். மாரி மழையில் நனைந்து கிடக்கிற குளக்கட்டில் வானை ஏற்றி, சில்லுத் தடம் பதித்துப் படம் பிடிக்கிறவர்களை என்ன செய்வது? அந்தத் தடத்துக்குள் தண்ணி தேங்கும், தேங்கின தண்ணி கட்டை அரிக்கும், கட்டுக்குக் கீழே வயல். ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் களிமண் பாதைகளை விட்டுவிடுங்கோ. அந்த நேரம் சுத்திப் பார்க்காட்டி ஒருத்தரும் செத்துப் போகமாட்டார்.

உண்மையாகவே ரோட்டுக்கு வெளியே போக நினைப்பவர்களுக்கு: வடக்கில் கண்ணிவெடி அகற்றுகிற வேலை இன்னும் முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை அலங்காரம் இல்லை. சில்லுத் தடம் பதியாத காட்டுக்குள் "நல்ல லொக்கேஷன்" என்று வானைத் திருப்பாதேங்கோ. எங்கே நிற்பாட்டலாம் என்று ஊராக்களிடம் கேட்டால் சொல்லுவார்கள். யானை எந்தப் பக்கத்தால் இறங்கும் என்றும் அவர்களுக்குத்தான் தெரியும், அதனால் பொழுதுபட முதல் கேளுங்கோ.

இவ்வளவும் செய்தும் வான் புதையலாம். அப்ப யாரோ ஒரு ஐயா வயல் வேலையை விட்டுவிட்டு உழவு இயந்திரத்தோடு வருவார். வீடியோவை நிற்பாட்டிவிட்டு இறங்கித் தள்ளுங்கோ. டீசல் காசை நீட்டினால் "வேண்டாம் தம்பி, போட்டு வாங்கோ" என்றுதான் சொல்லுவார். சீற்றில வைச்சிட்டு வாங்கோ.