வெறுங்கையோடு சென்ற வைத்தியர்

பாடுபடுகிறவர் ஒருவர், பெயர் வாங்குகிறவர் வேறொருவர் என்பது உலகத்தில் புதிய சங்கதி அல்ல. கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பவனுக்குக் கலசம் தெரிகிறது. அஸ்திவாரக் கல் தெரிவதில்லை. வைத்திய விஞ்ஞானத்தின் சரித்திரத்திலும் அப்படி மண்ணுக்குள் மறைந்து கிடந்த பெயர்கள் பல. அவற்றில் ஒன்று, காங்கோ தேசத்து டாக்டர் ழான் ஜாக் முயெம்பேயின் பெயர். எபோலா என்னும் கொடிய ஜுரத்தை முதன்முதலில் நேருக்கு நேர் சந்தித்து, உயிரோடு திரும்பிய விஞ்ஞானி அவர். ஆயினும் அந்த நோய் கண்டுபிடிக்கப்பட்ட கதையில் அவருடைய பெயர் பல ஆண்டுகள் ஒரு மூலையில்தான் இருந்தது.

கதை 1976-ல் தொடங்குகிறது. காங்கோவுக்கு அப்போது ஸயர் என்று பெயர். வடக்கே காட்டுப் பிரதேசத்தில் யம்புக்கு என்று ஒரு சிற்றூர். அங்கே பெல்ஜியம் நாட்டுக் கன்னிகாஸ்திரீகள் நடத்திவந்த ஆஸ்பத்திரியில் இன்னதென்று தெரியாத ஒரு ஜுரம் புகுந்து, நோயாளிகளையும் நர்ஸுகளையும் வாரிக்கொண்டு போயிற்று. விவரம் அறிந்து வரும்படி தலைநகரான கின்ஷாஸாவிலிருந்து சர்க்கார் அனுப்பியது டாக்டர் முயெம்பேயை. அவருக்கு வயது முப்பத்துநான்கு.

போய்ப் பார்த்தால் ஆஸ்பத்திரியில் ஆள் இல்லை. பயந்து எல்லோரும் ஓடிவிட்டார்கள். தலைநகரிலிருந்து டாக்டர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும், மருந்து கொண்டுவந்திருப்பார் என்று நம்பி நோயாளிகள் மறுநாள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அவரிடமோ மருந்தும் இல்லை, கையுறையும் இல்லை. டைபாய்டாக இருக்கலாம் என்பதே அவருடைய முதல் எண்ணம். வெறுங்கையாலேயே இரத்தம் எடுத்தார். ஊசியை எடுத்த பிறகும் குத்திய இடத்திலிருந்து இரத்தம் நிற்காமல் வழிந்து அவருடைய விரல்களை நனைத்தது. இது சாதாரண ஜுரம் அல்ல என்று அப்போதே அவர் மனத்தில் பட்டது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டார். அன்று அவருக்கு இருந்த கவசம் அந்தச் சோப்பு ஒன்றுதான்!

நோயில் விழுந்திருந்த ஒரு கன்னிகாஸ்திரீயை இணங்கச் செய்து கின்ஷாஸாவுக்குத் தம்முடன் அழைத்து வந்தார். அந்த அம்மாள் அங்கே இறந்துபோனார். கின்ஷாஸாவிலிருந்து அனுப்பப்பட்ட இரத்தம் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரிலுள்ள ஆராய்ச்சிசாலைக்கும், பிறகு அமெரிக்காவின் அட்லாண்டாவுக்கும் போய்ச் சேர்ந்தது. உலகம் அதுவரை அறியாத ஒரு வைரஸ் அதில் இருந்தது. பக்கத்தில் ஓடும் எபோலா ஆற்றின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

அந்த முதல் தாக்குதலில் 318 பேருக்கு நோய் கண்டு 280 பேர் மாண்டார்கள். நோய் பரவியதற்கு ஆஸ்பத்திரியே ஒரு காரணமாய் இருந்தது என்பது பின்னால் தெரிந்தது. அங்கே தினமும் காலையில் நர்ஸுகளிடம் கொடுக்கப்பட்டவை ஐந்தே ஊசிகள். அவற்றைக் கொதிக்க வைக்காமல் நீரில் அலசி, ஒருவருக்குப் போட்ட ஊசியை அடுத்தவருக்கும் போட்டுவந்தார்கள். வறுமை வைரஸுக்குத் துணை போயிற்று.

இரத்தம் எங்கே போயிற்றோ அங்கேயே புகழும் போயிற்று. பெரிய கருவிகள் இருந்த இடத்தில் கண்டுபிடிப்பு நடந்தது என்று எழுதப்பட்டது. நோயாளியின் படுக்கையருகில் நின்றவர் இரத்தம் அனுப்பிவைத்த ஆளாக மட்டுமே கருதப்பட்டார். ஆண்ட்வெர்ப்பில் அதைச் சோதித்தவர்களின் திறமையைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களில் ஒருவரான பீட்டர் பியாட்டுக்கு அப்போது வயது இருபத்தேழுதான்; அவரும் துணிச்சலுடன் யம்புக்குவுக்குச் சென்றவர். ஆனால் ஒரு கண்டுபிடிப்புக்குப் பூதக்கண்ணாடி எவ்வளவு அவசியமோ, இரத்தத்தில் நனைந்த விரல்களும் அவ்வளவு அவசியம் அல்லவா?

முயெம்பே விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பாதிரிமார் பள்ளியில் படித்து, கின்ஷாஸாவில் டாக்டராகி, பெல்ஜியத்தின் லூவேன் சர்வகலாசாலையில் வைரஸ் ஆராய்ச்சியில் பட்டம் பெற்றார். அங்கேயே தங்கியிருந்தால் வசதியான ஆராய்ச்சிசாலையும் சௌகரியமான வாழ்க்கையும் கிடைத்திருக்கும். அவர் தாய்நாடு திரும்பினார். திரும்பிய இடத்தில் கருவியும் இல்லை, சோதனைக்கு வேண்டிய எலியும் இல்லை. ஆராய்ச்சிசாலை இல்லாவிட்டால் என்ன, நோய் இருக்கும் கிராமமே ஆராய்ச்சிசாலை என்று கிளம்பிவிட்டார். 1984-ல் தோன்றிய தேசிய உயிர்மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு 1998-ல் தலைமை ஏற்று, உள்நாட்டுப் போர்களுக்கும் பணமுடைக்கும் நடுவே அதை வளர்த்தார்.

1995-ல் கிக்விட் நகரில் எபோலா மறுபடியும் தலைதூக்கியது. 315 பேரைப் பிடித்து, ஏறத்தாழ 250 பேரைக் கொன்றது. அங்கேதான் டாக்டர் முயெம்பேயும் அவருடைய தோழர்களும் ஒரு துணிகரமான காரியம் செய்தார்கள். எபோலாவிலிருந்து பிழைத்தவர்களின் இரத்தத்தில் அந்த நோயை வென்ற சத்து இருக்கத்தானே வேண்டும்? அந்த இரத்தத்தை எட்டு நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். எட்டுப் பேரில் ஏழு பேர் பிழைத்தார்கள்.

உலக நிபுணர்கள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு கூட்டம் நோயாளிகள் இல்லையே, வேறு காரணத்தால் பிழைத்திருக்கலாமே என்றார்கள். இந்தச் சந்தேகத்தை வீண் சந்தேகம் என்று தள்ளிவிட முடியாது. 2015-ல் கினி தேசத்தில், பிழைத்தவர்களின் இரத்த நீரை ஏற்றிப் பெரிய அளவில் சோதித்தபோது தெளிவான பலன் கிடைக்கவில்லை. ஆனால் கிக்விட்டில் உதித்த யோசனை அதோடு முடிந்துவிடவில்லை. அங்கே 1995-ல் பிழைத்த ஒருவரின் இரத்தத்தில், பதினோரு ஆண்டுகள் கழித்தும் எபோலாவை எதிர்க்கும் சத்து குன்றாமல் இருந்தது. அமெரிக்க விஞ்ஞானிகளும் முயெம்பேயும் கூடி உழைத்து, அந்தச் சத்துக்களில் மிக வலுவானதைத் தனியே பிரித்தெடுத்து மருந்தாக்க வழி செய்தார்கள். இரத்தத்தில் கலந்து கிடந்தது இப்போது அளவறிந்து கொடுக்கக்கூடிய மருந்தாயிற்று.

பரீட்சைக்கும் விரைவில் வேளை வந்தது. 2018 முதல் 2020 வரை காங்கோவின் கிழக்குப் பகுதியில் எபோலா 3,470 பேரைத் தாக்கி 2,287 பேரைப் பலிகொண்டது. அது துப்பாக்கிச் சத்தம் ஓயாத பிரதேசம். சிகிச்சை நிலையங்கள் தாக்கப்பட்டன. வைத்திய ஊழியர்களும் உயிரிழந்தனர். அங்கே நான்கு மருந்துகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு 681 நோயாளிகளிடம் சோதனை நடந்தது. முன்பு ஒப்பீடு இல்லை என்று குறை சொன்னார்கள் அல்லவா? அந்தக் குறை இப்போது இல்லை. கிக்விட் இரத்தத்திலிருந்து வந்த மருந்தும், இன்னொரு மருந்தும் மற்ற இரண்டையும் வென்றன. வைரஸ் உடலில் பெருகுமுன் வந்து இவ்விரண்டில் ஒன்றைப் பெற்றவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைத்தார்கள். 2020 டிசம்பரில் அமெரிக்க சர்க்காரும் கிக்விட் மருந்துக்கு அனுமதி வழங்கியது.

இதன் பொருள் மருந்துக் கடையோடு முடிவதல்ல. எபோலா முகாமுக்குப் போனால் பிணமாகத்தான் திரும்ப வேண்டும் என்று நினைக்கும் தாய், ஜுரம் கண்ட பிள்ளையை வீட்டுக்குள் ஒளித்துவைக்கிறாள். ஒளித்துவைத்த வீட்டிலிருந்து தெருவுக்கு நோய் பரவுகிறது. பிழைத்து வந்தவர்களைக் கண்ணால் கண்டால் அவளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவாள். கொள்ளைநோயை அடக்கும் ஆயுதங்களில் ஜனங்களின் நம்பிக்கை முதலாவது. 2019-ல் எபோலா எதிர்ப்புப் பணி முழுவதற்கும் முயெம்பேயைத் தலைவராக அவருடைய தேசம் நியமித்தபோது, இந்த உண்மையை அறிந்த மனிதரிடமே பொறுப்பு சென்றது.

இன்னொரு காரியத்துக்காகவும் அவரைப் போற்ற வேண்டும். காங்கோ நோயாளிகளின் இரத்தம் காங்கோவிலேயே சோதிக்கப்பட வேண்டும் என்று அவர் உறுதியாக நின்றார். இதை வெறும் வீம்பு என்று எண்ணினால் தவறு. கடல் கடந்து போன புட்டியோடு அறிவும் போகிறது, இளைஞர்களின் பயிற்சியும் போகிறது, நோயை இனம் காண வேண்டிய பொன்னான நாட்களும் போகின்றன. 2025 செப்டம்பரில் கஸாய் மாகாணத்தில் எபோலா மீண்டும் தோன்றியபோது, அதை எபோலா என்று உறுதிசெய்தது கின்ஷாஸாவிலுள்ள அவருடைய நிலையமே. 1976-ல் ஆண்ட்வெர்ப்புக்குப் போன இரத்தத்துக்கும் இதற்கும் இடையில் ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பு இருக்கிறது.

வேலை தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. குரங்கம்மை மனிதரிடம் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1970-ல், இதே காங்கோவில். அந்த நோய் 2022-ல் பணக்கார நாடுகளை எட்டியதும் அங்கே தடுப்பூசி கிடைத்தது. காங்கோவுக்கு முதல் தடுப்பூசிப் பெட்டிகள் வந்து இறங்கியது 2024 செப்டம்பரில்தான். நோய் பிறந்த வீட்டுக்கு மருந்து கடைசியில் வருவது என்ன நியாயம்?

டாக்டர் முயெம்பேக்கு ஜப்பான் 2019-ல் நொகுச்சி ஆப்பிரிக்கப் பரிசை அளித்தது. பரிசுகள் தகுந்தவையே, தாமதமாக வந்தாலும் வரவேற்கத்தக்கவையே. ஆனால் அவருக்குச் செய்யும் உண்மையான மரியாதை வேறு. காட்டோரத்து ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் போதுமான ஊசி இருக்க வேண்டும்; நர்ஸின் கையில் உறை இருக்க வேண்டும்; அந்தந்த நாட்டு இளைஞன் தன் நாட்டிலேயே நோயை ஆராய ஒரு மேஜையும் கருவியும் இருக்க வேண்டும். இனி எந்த வைத்தியரும் அவரைப் போல வெறுங்கையோடு சாவின் முன் நிற்கும்படி விடாமல் இருப்பதே, அந்த வெறுங்கைகளுக்கு உலகம் செலுத்த வேண்டிய கடன்.