கூதிர் காலத்துக்கு ஒரு கணக்கு

குறிஞ்சித் திணைக்குரிய பெரும்பொழுது எது என்று கேட்டால், கூதிரும் முன்பனியும் என்கிறது தொல்காப்பியம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மலை எப்படி இருக்கும் என்று அறிந்தவர்கள் வகுத்த கணக்கு அது. நம் அரசுகளுக்கோ மலை என்றால் கோடை மட்டும்தான். கோடை விழா, கோடைச் சிறப்புப் பேருந்து, இப்போது கோடைக் கட்டுப்பாடு.

சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. அடுத்த ஆண்டு எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. வரவேற்கத்தக்க தொடக்கம். ஆனால் 2025-இல் அந்த வரம்பு விதிக்கப்பட்டது ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கு. பள்ளி விடுமுறையைப் பார்த்துப் போட்ட கணக்கு அது. மழையைப் பார்த்துப் போட்டதல்ல. ஆயுத பூஜை, தீபாவளி விடுமுறைகளில் வண்டிகள் மலையேறும்போது மண் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும்.

மலையின் நாட்காட்டிப்படி நடக்கும் இடம் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. மூணாறை அடுத்த இரவிகுளம் தேசியப் பூங்காவை ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூடிவிடுகிறார்கள். வரையாடுகள் குட்டி ஈனும் காலம் அது. பூங்காவின் பரப்பு 97 சதுர கிலோமீட்டர். நாம் பார்க்கக் கிடைப்பது ராஜமலை ஓரத்துச் சிறு பகுதி மட்டுமே, அதுவும் வனத்துறைப் பேருந்தில் போய். இந்தக் கண்டிப்புக்குப் பலனும் உண்டு. 2025-இல் கேரளமும் தமிழ்நாடும் சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பில் 2,668 வரையாடுகள் தென்பட்டன. 800-க்கு மேற்பட்டவை இரவிகுளத்தில் இருந்தவை.

ஆட்டுக்குக் கிடைத்த மரியாதை பூவுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. நீலக்குறிஞ்சி 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, அடுத்த பெரும் பூப்பு 2030-இல், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. (நடுவில் ஆண்டுதோறும் 'குறிஞ்சி பூத்தது' என்று வாட்ஸ்அப்பில் படம் வரும். குறிஞ்சி இனத்தில் பல வகைகள் உண்டு என்பதை அறியாமல் அதை நம்பி வண்டியை எடுப்பவர்கள் ஏராளம்.) இந்தச் செடி ஒருமுறை பூத்து, விதை தந்து, மடிந்துவிடும். விதை முற்ற மேலும் சில மாதங்கள் ஆகும். அதற்குள் மிதித்தாலோ பறித்தாலோ சேதமாவது அந்த ஆண்டின் அழகு மட்டுமல்ல, 2042-இன் பூவும்தான்.

2018-இல் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு வைத்துக் கூட்டத்துக்குக் காத்திருந்தார்கள். ஆகஸ்டில் வெள்ளம் வந்தது. மூணாறிலிருந்து ராஜமலைக்குப் போகும் வழியில் பெரியவாரைப் பாலம் இடிந்து விழுந்தது. எத்தனை பேர் வரலாம் என்பதை அந்த முறை மலையே முடிவு செய்துவிட்டது.

பூங்கா வாசலில் வரம்பு வைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் வீட்டுக்குப் போவதில்லை. காவல் இல்லாத பக்கத்துக் குன்றில் ஏறுகிறார்கள். வண்டிகளோ அதற்கும் முன்பே மூணாறு கடைவீதியை அடைத்துவிடுகின்றன. அந்தச் சாலை சுற்றுலாவுக்கு மட்டும் உரியதல்ல. தேயிலைத் தோட்டத்து லயங்களில் வாழும் தமிழ்த் தொழிலாளர்களுக்கு மருத்துவமனைக்கும் அதுவே வழி. ராஜமலைக்கு அருகில் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மண்சரிந்து 70 பேர் மாண்டார்கள். அந்தச் செய்தி வெளியுலகை எட்டவே மறுநாள் காலை ஆனது. மழைக்காலத்தில் அந்த மலையில் ஆம்புலன்ஸ் ஓட வேண்டிய வழியை நம் கார்களால் நிரப்ப நமக்கு எந்த உரிமையும் இல்லை.

ஆகவே வரம்பை மலையடிவாரத்திலேயே வைக்க வேண்டும். போடியிலும் உடுமலையிலும் கேரளப் பக்கத்தில் அடிமாலியிலும் வெளியூர்க் கார்களை நிறுத்திவிட்டு, அங்கிருந்து பேருந்து விடலாம். எத்தனை இருக்கை உண்டோ அத்தனை பேர்தான் மேலே போக முடியும். கொடைக்கானல் பக்கத்துக் குன்றுகளுக்கும் இதே ஏற்பாடு தேவை. ஒரு மாநிலம் மட்டும் கதவை மூடினால் கூட்டம் மற்ற மாநிலத்தின் வழியாக ஏறும்.

பிழைப்பு போய்விடும் என்ற அச்சம் நியாயமானது. மூணாறில் ஜீப் ஓட்டுபவரும் கேரட் விற்பவரும் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் பருவத்தை நம்பியிருக்கிறார்கள். அடிவாரப் பேருந்துத் தடங்களையும் அங்கிருந்து ஓடும் ஜீப்புகளையும் அவர்களுக்கே முதலில் கொடுக்கட்டும். உள்ளூர் வாகனங்களுக்கு விலக்கு என்பது நீலகிரியில் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளதுதான். சாலையில் நான்கு மணி நேரம் நின்று, எரிச்சலோடு அன்றே திரும்பும் கூட்டத்தைவிட, நிதானமாக வந்து இரண்டு நாள் தங்கும் சிலரால் கடைக்காரருக்கு வரும்படி குறையும் என்று நாம் நினைக்கவில்லை.

இதற்கெல்லாம் 2030 ஜூலையில் அரசாணை போட்டால் நடக்காது. வண்டி நிறுத்த இடம், பேருந்து, முன்பதிவு எல்லாவற்றையும் இரண்டொரு கூதிர் காலங்களில் ஓட்டிப் பார்த்துப் பழக வேண்டும். இரு மாநில வனத்துறைகளும் வரையாடுகளைச் சேர்ந்தே எண்ணியிருக்கின்றன. கார்களையும் சேர்ந்து எண்ணலாம். முதல் கூட்டத்தை எங்கே நடத்துவது என்ற தயக்கம் வேண்டாம். போடிமெட்டு சோதனைச்சாவடியிலேயே கூடட்டும், தீபாவளிக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு. அதிகாரிகள் மட்டும் கொஞ்சம் முன்னதாகவே கிளம்பிவிடுவது நல்லது.