குழந்தைக்கு வாசிக்கக் கற்றுத்தரும் புது முறை: பலன் உண்டா என்று அறிய 3 கேள்விகள்

செயலி, படஅட்டை, பாட்டு, ஒலிவழிப் பயிற்சி... எந்தப் பெயரில் வந்தாலும் வாக்குறுதி ஒன்றுதான்: "சில மாதங்களில் உங்கள் குழந்தை சரளமாக வாசிக்கும்." சரி, இதை எப்படிச் சோதிப்பது?

1. யாரோடு ஒப்பிட்டார்கள்?

ஆறு வயதுக் குழந்தை எந்தப் புது முறையும் இல்லாமலே ஓராண்டில் கொஞ்சம் முன்னேறும். அதனால் 'முன்பு, பின்பு' கணக்கு மட்டும் போதாது. உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் 2005-06இல் 280 கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. குலுக்கல் முறையில் தேர்வான சில கிராமங்களில் மட்டும், 'பிரதம்' அமைப்பிடம் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் வாசிப்பு வகுப்பு எடுத்தார்கள். எழுத்தே தெரியாமல் வகுப்புக்கு வந்த குழந்தைகள் எழுத்துகளை அடையாளம் காணும் வாய்ப்பு, வகுப்பு நடக்காத கிராமங்களில் அவர்களைப் போன்ற குழந்தைகளைவிட 60 சதவீதப் புள்ளிகள் கூடியது.

2. எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது?

பிரமாதம்தானே? ஆனால் அந்தக் கிராமங்களில் வகுப்புக்கு வந்தது சுமார் 8 சதவீதக் குழந்தைகள்தான். அதனால் ஊர் சராசரி பெரிதாக உயரவில்லை. முறை நல்லதாக இருந்தும், பெரும்பாலான குழந்தைகளை அது தொடவில்லை.

3. எந்த மொழியில் சோதித்தார்கள்?

அந்தமானின் ஹேவ்லாக்கில் இந்தக் கேள்விக்கு எடை அதிகம். 2018 டிசம்பரில் 'ஸ்வராஜ் த்வீப்' என்று பெயர் மாறிய இந்தத் தீவில், கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய அகதிகளின் குடும்பங்களே அதிகம். வீட்டில் வங்காளம் பேசும் குழந்தை இந்திப் பத்தியில் தடுமாறினால், சிக்கல் வாசிப்பிலா, மொழியிலா? சத்தமாக வாசித்துவிட்டாலும் பொருள் புரிந்ததா?

ஆங்கிலத்துக்கு உருவான முறையை அப்படியே நம் மொழிகளுக்குக் கொண்டுவருவதும் சிக்கல்தான். ஆங்கிலத்தில் 26 எழுத்துகள். ஆனால் ஒரே எழுத்துக்குப் பல ஒலிகள். தமிழில் 247 எழுத்துகள். வங்காளத்திலும் இந்தியிலும் உயிர்க்குறிகளோடு கூட்டெழுத்துகளும் உண்டு. எழுத்துகள் பழகவே கூடுதல் காலம் தேவை. ஒரே கெடு வைத்து எல்லா மொழிக்கும் மதிப்பெண் போட முடியாது.

ஏன் இப்போது கேட்க வேண்டும்?

மூன்றாம் வகுப்பு முடிப்பதற்குள் எல்லாக் குழந்தைகளும் புரிந்து வாசிக்க வேண்டும் என்பது 'நிபுண் பாரத்' திட்டத்தின் இலக்கு. கெடு 2026-27. கெடு நெருங்கும்போது சதவீதங்கள் பளபளக்கும். 20 பேர் படிக்கும் வகுப்பில் இரண்டே குழந்தைகள் முன்னேறினால்கூட அது '10 சதவீத உயர்வு' ஆகிவிடும்.

"90 சதவீதம் பேர் வாசிக்கிறார்கள்" என்று பள்ளி சொன்னால், மொத்தம் எத்தனை பேர், எந்த மொழியில், யாரோடு ஒப்பிட்டு என்று கேளுங்கள். மீதி 10 சதவீதத்தில் உங்கள் குழந்தை இருக்கலாம்.